பெடலில் ஒரு குறுகுறுப்பு

கேள்வி:

வணக்கம் ஐயா. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கிறேன். வயது 43, மென்பொருள் துறையில் வேலை. சென்ற ஆண்டு ஒரு ரோட்டர்வே எக்ஸெக் 162எஃப் ஹெலிகாப்டரை வாங்கினேன். பாகங்களின் தொகுப்பாக (கிட்) வாங்கித் தன் கொட்டகையிலேயே கட்டி, 1999-ல் பறக்கவிட்ட பெரியவர் இப்போது உயிரோடு இல்லை. அவருடைய மகள்தான் விற்றார். பதிவேட்டின்படி 137 மணி நேரம் ஓடியிருக்கிறது. கடைசி 9 ஆண்டுகள் கொட்டகையில் சும்மா நின்றது. பேட்டரி, எண்ணெய், எரிபொருள் எல்லாவற்றையும் மாற்றினேன். என்ஜின் உடனே உயிர்பெற்றது. ஆர்22 ஹெலிகாப்டரில் ஆசிரியரோடு 18 மணி நேரப் பயிற்சி முடித்திருக்கிறேன். அந்தத் துணிவில் இரண்டடி உயரத்தில் நான்கைந்து முறை அந்தரத்தில் நிறுத்திப் பார்த்தேன். முதலில் நன்றாகத்தான் இருக்கிறது. 15 நிமிடம் கழிந்ததும் இரண்டு பெடல்களிலும் மெல்லிய குறுகுறுப்பு தெரிகிறது. இதே ரகம் வைத்திருக்கும் ஒருவர், “இதில் அது சகஜம், வால் நுனியில் சுழலும் டெயில் ரோட்டாரை பேலன்ஸ் செய்தால் போய்விடும்” என்கிறார். செய்துவிட்டுப் பறக்கலாமா? ஆண்டுச் சோதனையை நானே செய்து கையெழுத்திட முடியுமா? என் 14 வயது மகன்தான் எனக்கு உதவியாளன். அவனை முதல் பயணியாக ஏற்றிச் செல்ல வேண்டும் என்பது எங்கள் இருவருடைய ஆசை. பதிவேட்டுப் பக்கங்களின் படங்களை இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் கொட்டகைக்குப் போய் பேட்டரியின் எதிர்மின் முனை (மைனஸ்) இணைப்பைக் கழற்றி வையுங்கள். இந்தப் பதிலின் மற்ற எல்லாவற்றையும் அதற்குப் பிறகு படிக்கலாம்.

பறக்க வேண்டாம். இரண்டடி உயரத்திலும் வேண்டாம். “இன்னொரு முறை ஓட்டிப் பார்த்து, எங்கிருந்து வருகிறது என்று கவனிக்கிறேன்” என்றும் வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு வரி என்னை உட்கார விடவில்லை: முதலில் நன்றாக இருக்கிறது, 15 நிமிடம் கழிந்ததும் தொடங்குகிறது. உங்கள் நண்பரும் இந்த வரியைக் கேட்டிருப்பார். அதன் பொருளைத்தான் அவர் கவனிக்கவில்லை.

பேலன்ஸ் சரியில்லாத ரோட்டார், சுழலத் தொடங்கிய முதல் நிமிடத்திலிருந்தே அதிரும். எடை ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால், அது ஓட்டத்தின் தொடக்கத்திலும் கூடுதல்தான், முடிவிலும் கூடுதல்தான். கால் மணி நேரம் ஒழுங்காக இருந்துவிட்டுப் பிறகு அதிர்கிறது என்றால், அந்தக் கால் மணி நேரத்துக்குள் ஏதோ ஒன்று மாறுகிறது. ஒரு பேரிங் சூடேறுகிறது, அல்லது ஒரு பெல்ட் சூட்டில் தளர்கிறது, அல்லது ஒரு நட்டு நெகிழ்கிறது, அல்லது ஒரு விரிசல் வாய் திறக்கிறது. இந்த நான்கில் எதையும் பேலன்ஸ் எடை குணப்படுத்தாது. அதிர்வை மட்டும் மறைத்துவிடும். நோயை விட்டுவிட்டு வலியை மட்டும் மரத்துப்போகச் செய்கிற வேலை அது.

ஹெலிகாப்டரில் அதிர்வை எங்கே உணர்கிறோம் என்பதே பாதி நோயறிதல். தலைக்கு மேல் சுழலும் மெயின் ரோட்டாரில் கோளாறு என்றால் இருக்கையோடு சேர்த்து உடம்பு முழுவதும் குலுங்கும். ஒவ்வொரு குலுக்கலையும் ஏறக்குறைய எண்ணிவிடலாம். டெயில் ரோட்டார் அதைவிடப் பல மடங்கு வேகமாகச் சுழல்வதால், அதன் கோளாறு எண்ண முடியாத நுண்ணதிர்வாகக் கால்களுக்கு வரும். பெடலிலிருந்து டெயில் ரோட்டாருக்குப் போகும் கட்டுப்பாட்டு இணைப்பே அந்தச் செய்தியைச் சுமந்து வருகிறது. உள்ளங்காலில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும், இறங்கி நடந்த பின்னும் பாதம் சற்று மரத்திருக்கும். நீங்கள் ‘குறுகுறுப்பு’ என்று எழுதியது மிகச் சரியான சொல்.

எனக்கும் அந்தக் குறுகுறுப்பு பழக்கம்தான். ஹெலிகாப்டர் பராமரிப்பில் 30 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் நான். தொழிலுக்கு வந்த புதிதில், சான்று பெற்ற சிறிய ஹெலிகாப்டர் ஒன்றை ஒரு விமானி இதே குறையோடு கொண்டுவந்து நிறுத்தினார். பார்வைக்கு எல்லாம் ஒழுங்கு. கையால் அசைத்துப் பார்த்தோம், ஆட்டம் இல்லை. பேலன்ஸ் கருவியைப் பொருத்தப் போனேன். என் மூத்த மெக்கானிக் என் கையைப் பிடித்து நிறுத்தி, “முதலில் பிளேடைக் கழற்று” என்றார். கழற்றி, வேர்ப்பகுதியைத் துடைத்து, சிவப்புச் சாயம் தெளித்துக் காத்திருந்தோம். பிறகு துடைத்துவிட்டு வெள்ளை மாவுப்பூச்சைத் தெளித்தார். சில நிமிடங்கள் ஒன்றுமே இல்லை. அதன் பின், போல்ட் துளையின் ஓரத்திலிருந்து, தலைமுடியைவிட மெல்லியதாக, ஒரு சிவப்புக் கோடு தானாகவே அந்த வெள்ளையில் எழுந்து வந்தது. அதன் நீளம் என் சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இருக்காது. அன்றைக்கு நான் பேலன்ஸ் எடையைப் பொருத்தியிருந்தால் அதிர்வு குறைந்திருக்கும். விமானி நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பார். அந்தக் கோட்டை நான் இன்றுவரை மறக்கவில்லை.

டெயில் ரோட்டார் உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு துயரமான சான்று இருக்கிறது. மகாராஷ்டிர மாநிலம் யவத்மாள் மாவட்டத்தில், வெல்டிங் தொழில் தெரிந்த ஓர் இளைஞர் கார் என்ஜினை வைத்துத் தாமே ஒரு ஹெலிகாப்டர் செய்தார். 2021 ஆகஸ்டில் அதைத் தரையில் வைத்து இயக்கிச் சோதித்தபோது டெயில் ரோட்டாரின் பிளேடு உடைந்து மெயின் ரோட்டாரில் மோதியது. மெயின் ரோட்டார் அவர் தலையில் அடித்து உயிரைப் பறித்தது. அவருடைய கைத்திறனைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் அவ்வளவு தூரம் போனது பெரிய விஷயம். நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ‘தரையில்தானே இருக்கிறேன், இரண்டடிதானே’ என்பது பாதுகாப்பு ஆகாது. ரோட்டார் சுழன்றுகொண்டிருந்தாலே ஆபத்து முழு அளவில் இருக்கிறது. உங்கள் மகன் எங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தான் என்று நீங்கள் எழுதவில்லை. ரோட்டார்களின் சுழற்சித் தளத்துக்கு நேராக யாரும் நிற்கவே கூடாது.

இப்போது அந்த 137 மணி நேரத்துக்கு வருகிறேன். பதிவேட்டுப் படங்களை இரண்டு முறை பார்த்தேன். பெரியவர் கவனமானவர், முதல் சில ஆண்டுகளின் பக்கங்களில் ஒவ்வொரு போல்ட்டையும் எவ்வளவு இறுக்கினார் என்றுகூடப் பென்சிலால் எழுதியிருக்கிறார். அந்தக் கையெழுத்தைப் பார்த்தபோது அவர்மேல் மதிப்பு கூடியது. ஆனால் 2006-க்குப் பிறகு குறிப்புகள் சுருங்குகின்றன. ஒரு கட்டத்தில் ‘பெல்ட் மாற்றினேன்’ என்று மட்டும் இருக்கிறது. எந்த பெல்ட், எத்தனையாவது மணி நேரத்தில், ஏன் என்று இல்லை. இரண்டு இடங்களில் மணி நேரக் கணக்கு முன்பின்னாக இருக்கிறது. வயதானவர், தன் இயந்திரத்தை மனப்பாடமாக அறிந்தவர். எழுதுவானேன் என்று விட்டிருப்பார். கட்டியவருக்கு அது போதும். தண்டவாளம்போல் நீண்ட அந்த வால்பகுதியில் எந்தத் துளையை இருமுறை போட்டார், எந்தப் பேரிங்கைத் தட்டி ஏற்றினார் என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரியும். நீங்கள் வாங்கியது இயந்திரத்தை; அந்த அறிவு விற்பனையில் சேரவில்லை. அதை நீங்கள் திரும்பச் சம்பாதிக்க ஒரே வழி, பிரிப்பதுதான்.

ஆகவே 137 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். ஆயுள் குறிக்கப்பட்ட ஒவ்வொரு பாகமும் தன் ஆயுளைத் தீர்த்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள். இது பயமுறுத்தல் இல்லை, கணக்கு. மெயின் ரோட்டார் நிமிடத்துக்கு 500 சுற்றுக்கு மேல் சுழல்கிறது. ஒரு மணி நேரத்தில் 30,000-க்கு மேல். 137 மணி நேரம் என்றாலே 40 லட்சம் சுற்றுகளைத் தாண்டிவிடுகிறது. டெயில் ரோட்டாருக்கு அதைப்போல் பல மடங்கு. ஒவ்வொரு சுற்றிலும் பிளேடு ஒருமுறையாவது வளைந்து நிமிர்கிறது. எஃகுக்கு ஓர் எல்லை உண்டு, அதற்குக் கீழான சுமையை எத்தனை கோடி முறை ஏற்றி இறக்கினாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. சுமை சிறிதானாலும் ஒருநாள் களைத்துப்போகும். அதனால்தான் ஹெலிகாப்டரில் பாகங்களை ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று பார்த்து வைத்துக்கொள்வதில்லை; மணி நேரம் முடிந்ததும் கழற்றி எறிகிறோம்.

இது ஓடியதால் வரும் தேய்மானம். 9 ஆண்டுகள் ஓடாததால் வந்தது வேறு. பேரிங்கில் கிரீஸ் வற்றிப்போய், ஈரம் புகுந்து, பந்துகள் ஓடும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத துருப் புள்ளிகள் விழுந்திருக்கும். புல்லியின் மேல் ஒரே வளைவில் 9 ஆண்டுகள் கிடந்த வி-பெல்ட் அந்த வளைவையே தன் வடிவமாக்கிக்கொண்டிருக்கும். எரிபொருள் குழாய், குளிர்நீர்க் குழாய் எல்லாம் வெளியே கருப்பாக மின்னும்; உள்ளே வெடித்திருக்கும். உங்கள் என்ஜின் நீரால் குளிர்விக்கப்படுவது, ஆகவே குளிர்நீர்க் குழாய் ஒன்று பிய்ந்தாலும் உடனே தரையிறங்க வேண்டியதுதான். ரப்பர் எதுவாக இருந்தாலும் மாற்றுங்கள். அதில் சோதிப்பதற்கு ஒன்றும் இல்லை.

உங்கள் ரகத்தின் சக்தி போகும் பாதையை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என்ஜினிலிருந்து பெல்ட்டுகள் வழியாக இரண்டாம் ஷாஃப்டுக்கு, அதாவது சுழல்தண்டுக்கு. அங்கிருந்து எண்ணெயில் ஓடும் சங்கிலி வழியாக மெயின் ரோட்டாருக்கு. வால்பக்கம் வி-பெல்ட்டுகளின் தொடர் வழியாக டெயில் ரோட்டாருக்கு. அந்த இரண்டாம் ஷாஃப்டு முறிந்து நடந்த விபத்துகள் இந்த ரகத்தின் வரலாற்றில் உண்டு. பழைய 30 மில்லிமீட்டர் ஷாஃப்டுக்குப் பதிலாக 35 மில்லிமீட்டர் ஷாஃப்டு பின்னால் வந்தது. உங்களுடையதில் எது இருக்கிறது? பதிவேட்டில் அந்தத் தகவலே இல்லை. அளவுகோலை வைத்துப் பாருங்கள். பழையதாக இருந்தால் அதை மாற்றாமல் எனக்கு அடுத்த கடிதம் எழுத வேண்டாம்.

பிரிக்கும்போது வால் நுனியிலிருந்து தொடங்குங்கள். டெயில் ரோட்டார் பேரிங் ஒவ்வொன்றையும் கழற்றி, விரலில் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சுற்றுங்கள். நல்ல பேரிங் வெண்ணெயில் விரல் வைத்ததுபோல் ஓடும். கெட்டது, அரிசியில் கல் கடிபடுவதுபோல் ஓரிடத்தில் நெருடும். அந்த ஒரு நெருடல் போதும், குப்பைக்கு. பெல்ட்டுகளின் கீழே கருப்புத் தூள் கொட்டியிருந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று பொருள். வால்பகுதியின் ரிவெட்டுகளை டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ரிவெட்டைச் சுற்றிப் புகை படிந்ததுபோல் கருப்பு வளையம் இருந்தால் அந்த ரிவெட் உள்ளே அசைகிறது. எஃகு இணைப்பில் செம்பழுப்புத் தூள் தெரிந்தால் அங்கேயும் அதே கதை. துடைத்துச் சுத்தம் செய்வதற்கு முன் பார்க்க வேண்டும். பலர் முதலில் பளபளவென்று கழுவிவிட்டுப் பிறகு சோதிக்கிறார்கள், சாட்சியெல்லாம் தண்ணீரோடு போய்விடுகிறது. சங்கிலிப் பெட்டியின் எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் வடிகட்டி, காந்தத்தை மேலே ஓட்டுங்கள். மாவு போன்ற பசை வந்தால் கவலையில்லை. ஊசி முனைபோல் ஒரு செதிள் வந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

நட்டுகளைப் பற்றி இரண்டு வார்த்தை. நைலான் வளையம் வைத்த நட்டை ஒருமுறை கழற்றினால் திரும்பப் போடாதீர்கள். போல்ட்டே சுழலும் இடத்தில் நைலான் நட்டின் பிடிப்பை மட்டும் நம்பக் கூடாது. பள்ளம் வெட்டிய நட்டும், அது கழலாமல் குறுக்கே செருகும் காட்டர் பின்னும் வேண்டும். இரும்புச் சாமான் கடையில் கிடைக்கும் சாதாரண போல்ட் ஒன்றுகூட உள்ளே நுழையக் கூடாது. இறுக்கி முடித்ததும் நட்டின் மேலிருந்து அடிப்பகுதிவரை ஒரு கோடு வண்ணம் இழுத்துவிடுங்கள். கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. தினமும் பறக்கும் முன் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

வேலையின் நடுவே எழுந்து போவதுதான் எங்கள் தொழிலில் மிக ஆபத்தான தருணம். தொலைபேசி அடிக்கும், சாப்பிடக் கூப்பிடுவார்கள். நட்டு கைவிரலால் இறுக்கிய நிலையில் அப்படியே இருக்கும். திரும்பி வரும்போது அதை இறுக்கிவிட்டதாகவே மனம் சொல்லும். விட்டுப் போகும் இடத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும், விட்ட இடத்திலிருந்து தொடராமல் மூன்று படி பின்னால் போய்த் தொடங்குங்கள்.

கையெழுத்து விஷயம். அமெரிக்கச் சட்டப்படி, வீட்டில் கட்டிய ஹெலிகாப்டரில் பராமரிப்பு வேலை செய்ய உங்களுக்குத் தடையில்லை, யாரும் செய்யலாம். ஆனால் 12 மாதத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டிய நிலைச் சோதனையில் நீங்கள் கையெழுத்திட முடியாது. கட்டியவர் என்ற முறையில் ஒருவருக்குத் தரப்படும் ரிப்பேர்மேன் சான்றிதழ் இயந்திரத்தோடு கைமாறாது. ஏர்ஃபிரேம் (உடற்சட்டம்), என்ஜின் இரண்டுக்கும் உரிமம் பெற்ற மெக்கானிக் ஒருவரிடம் போங்கள். அவர் சிறிய ஹெலிகாப்டர்களைக் கையாண்டவராக இருக்க வேண்டும் என்பது சட்டத்தில் இல்லை, என் வற்புறுத்தல் அது. விமானம் மட்டுமே பார்த்தவருக்கு டெயில் ரோட்டார் அந்நியம். இன்னொன்று: சான்று பெற்ற ரகங்களில் குறை கண்டால் அரசே கட்டாய உத்தரவு அனுப்பும். உங்கள் இயந்திரத்துக்கு அப்படி ஒரு கடிதம் வராது. தயாரித்த நிறுவனமும் ஒருமுறைக்கு மேல் கைமாறியது. இந்த ரகத்தில் என்னென்ன முறிந்திருக்கிறது என்பதை அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விபத்து அறிக்கைகளை ஒவ்வொன்றாகப் படித்து நீங்களேதான் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாம் பொதுவெளியில் இருக்கின்றன. இரவில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

பயிற்சி பற்றியும் சொல்லியாக வேண்டும், தம்பி. 18 மணி நேரத்தில், ஆசிரியரின் கையெழுத்து இல்லாமல், தனியாக ரோட்டாரைச் சுழற்றி மேலே எழுந்தீர்கள். கோபத்தோடு எழுதவில்லை, கவலையோடு எழுதுகிறேன். அந்த உயரத்தில் ஒரு பக்கச் சறுக்குக்கால் புல்லில் மாட்டினால் போதும், இயந்திரம் அதையே அச்சாக வைத்துக் கண்ணிமைக்கும் நேரத்தில் கவிழும். கட்டிப்போட்டுப் பழகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கயிறும் அதே அச்சாகிவிடும். உங்கள் ரகத்தைப் போலவே ஆர்22-வும் இலகுவான ரோட்டார் கொண்டது. என்ஜின் நின்றால், ஏற்ற இறக்கத்துக்கான நெம்புகோலான கலெக்டிவைக் கீழே இறக்க ஒன்றிரண்டு நொடிதான் கிடைக்கும். ஆர்22, ஆர்44 ஓட்டுபவர்களுக்கென்று 1995-லேயே அமெரிக்க விமானத்துறை தனிப் பயிற்சி விதி கொண்டுவந்ததற்கு இத்தகைய ஆபத்துகளே காரணம். ஆர்22-விலேயே உரிமம் எடுங்கள். என்ஜின் இல்லாமல் இறங்குவதை உங்கள் கை யோசிக்காமல் செய்யும்வரை பழகுங்கள். பிறகு எக்ஸெக்கில் அனுபவமுள்ள ஆசிரியரைத் தேடுங்கள்.

இந்த எக்ஸெக்கை வடிவமைத்த பி.ஜே. ஷ்ராம், வீட்டில் கட்டும் ஹெலிகாப்டர்களுக்கே வாழ்நாளைக் கொடுத்தவர். 2004-ல் அவர் தாமே உருவாக்கிய ஹெலிசைக்கிள் என்ற ஹெலிகாப்டரில் பறந்தபோது விபத்தில் இறந்தார். அவரைவிட இந்த இயந்திரங்களை அறிந்தவர்கள் மிகச் சிலர்.

மகனை ஏற்றுவது பற்றிக் கேட்டீர்கள். பிரித்துக் கட்டி, மெக்கானிக் கையெழுத்திட்டு, ஏதேனும் பெரிய மாற்றம் செய்திருந்தால் விதிப்படி மறுபடி சோதனைப் பறப்பை முடித்து, அதன் பின்னும் நீங்கள் தனியாக 50 மணி நேரமாவது பறந்த பிறகு யோசிக்கலாம். அந்த 50 சட்டம் இல்லை, என் எண். அதற்குள் அவன் 16 வயதைத் தொட்டிருப்பான். அதுவரை அவனுக்கு உருப்படியான வேலை ஒன்று இருக்கிறது. அவனிடம் தடித்த அட்டை போட்ட புது நோட்டு ஒன்றைக் கொடுங்கள். நீங்கள் இறுக்கும் ஒவ்வொரு நட்டையும் அவன் இரண்டாவது முறை பார்த்து, தேதியும் அளவும் எழுதட்டும். நீங்கள் சொல்வதை எழுதக் கூடாது. தன் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். பெரியவரின் பென்சில் பக்கங்களையும் அதோடு பத்திரமாக வைத்திருங்கள்.

முதல் பக்கத்தை இன்றைக்கே எழுதச் சொல்லுங்கள். ‘ஓடிய மணி நேரம்: தெரியாது. 15 நிமிடத்துக்குப் பின் பெடலில் குறுகுறுப்பு. காரணம்: இன்னும் கண்டுபிடிக்கவில்லை. பேட்டரி இணைப்பு கழற்றப்பட்டது.’ டெயில் ரோட்டாரைக் கழற்றிய அன்று, கழுவுவதற்கு முன், பிளேடுகளின் வேர்ப்பகுதியையும் பேரிங்குகளையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.